கூட்டத்தின் நடுவே ஒருவர் விழுந்தால் உதவியை வரவழைப்பது எப்படி

பேருந்து நிலையத்தில் ஒருவர் மயங்கி விழுகிறார். சுற்றிலும் நாற்பது பேர் நிற்கிறார்கள், ஒருவரும் குனிவதில்லை. மனிதாபிமானமே செத்துவிட்டது என்று நொந்துகொள்வதற்கு முன், நிற்பவர்களின் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால்தான் அவர்களை அசைக்க முடியும்.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் டார்லி, பிப் லட்டானே ஆகியோர் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க் மாணவர்கள் தனித்தனி அறைகளில் அமர்ந்து இன்டர்காம் வழியாகப் பேசினர். நடுவே ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல, முன்பே பதிவுசெய்த குரல் ஒலித்தது. தாம் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் குரல் அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தனர். இன்னும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களிலோ 31 விழுக்காட்டினரே எழுந்தனர். எழாதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். ஆய்வாளர் உள்ளே வந்தபோது அவர்களில் பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது, "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்டவர்களும் உண்டு. பொறுப்பு பலருக்கும் பங்கிடப்பட்டதால் ஒருவர் கைக்கும் வரவில்லை, அவ்வளவே.

ஆகவே "யாராவது வாங்களேன்" என்று பொதுவாகக் கூவாமல், ஒருவரின் கண்ணைப் பார்த்து, "நீலச் சட்டைத் தம்பி, 108-க்குப் போன் பண்ணுங்க, எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்று கேட்டு என்னிடம் சொல்லுங்க" என்று வேலையை அவர் கையிலேயே கொடுங்கள். பதில் கொண்டுவரச் சொல்வது முக்கியம்; அப்போது அவர் நழுவமாட்டார். பேருந்தைப் பிடிக்க ஓடுபவரை விட்டுவிட்டு, கடைக்காரரையோ ஆட்டோ ஓட்டுநரையோ அழையுங்கள். 1973-இல் பிரின்ஸ்டனில் நடந்த ஆய்வில், அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினரும் அவசரத்தில் இருந்தவர்களில் 10 விழுக்காட்டினருமே உதவ நின்றனர்.

நடப்பதை உரக்கச் சொல்லுங்கள். குடிபோதையோ என்ற ஐயத்தில், அடுத்தவரின் அமைதியான முகத்தைப் பார்த்துத் தாமும் அமைதியாக நிற்பவர்களுக்கு, "இவருக்கு மூச்சுத் திணறுகிறது" என்ற ஒரு வாக்கியம் நிலைமையைத் தெளிவாக்கிவிடும்.

சாலை விபத்தென்றால், போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளும். நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது, பாதிக்கப்பட்டவர் இறந்தாலும், அதற்காக சிவில் அல்லது கிரிமினல் நடவடிக்கை கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு கூறுகிறது. தயங்கி நிற்பவரிடம் இதை அங்கேயே சொல்லுங்கள்.