ஸ்கேன் பண்ணதும் ஷிப்பிங் லேபிள் வர்ற மாதிரி சொந்தமா ஒரு டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதறது எப்படி

திருப்பூர்ல டீ-ஷர்ட், லெக்கிங்ஸ்னு ஆன்லைன்ல விக்கிற சின்ன யூனிட்டுங்க நிறைய பேரு எக்ஸல்ல ஆர்டரைத் தேடி, பிடிஎஃப் லேபிளை ஒண்ணொண்ணா ஓபன் பண்ணித்தான் பிரிண்ட் எடுக்கறாங்க. பார்சல் கம்மியா இருக்கற வரைக்கும் அது ஓடும். சீசன்ல ஆர்டர் குவியும்போது எம் சைஸ் கேட்டவங்களுக்கு எல் சைஸ் போயிடும், ஏன்னா ரெண்டும் ஒரே கலர், ஒரே பாலிபேக், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, மேல ஒட்டியிருக்கற பார்கோடு மட்டும்தான் வேற. ரிட்டர்ன் வந்தா போக்குவரத்து கூரியர் காசு மொத்தமும் நம்ம தலையில. அதனால எழுதப்போற சாஃப்ட்வேருக்கு ஒரே ரூல் வெச்சுக்கங்க: ஆர்டர்ல இருக்கற ஒவ்வொரு பீஸும் ஸ்கேன் ஆகி கணக்கு சரியா வந்தாத்தான் லேபிள் வெளிய வரணும். மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

ஸ்கேனர் வாங்கும்போது 2டி ஸ்கேனரா பாத்து வாங்குங்க, பழைய லேசர் டைப் க்யூஆர் கோடைப் படிக்காது. பிரிண்டர் 203 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு 203 புள்ளி) தெர்மல் போதும், ரோல் 100 மிமீக்கு 150 மிமீ. டைரக்ட் தெர்மல்னா ரிப்பன் செலவு இல்ல, ஆனா அந்தப் பேப்பர் சூடு பட்டா கறுத்துடும், ரோலை தகர ஷெட்டுக்கு அடியில அடுக்கி வெக்காதீங்க.

யூஎஸ்பி ஸ்கேனரை கம்ப்யூட்டர் ஒரு கீபோர்டாத்தான் பாக்கும். தனியா டிரைவர், எஸ்டிகே (ஸ்கேனர் கம்பெனி தர்ற புரோகிராமிங் கிட்) எதுவும் தேவையில்ல, டெக்ஸ்ட் பாக்ஸ்ல கர்சர் இருந்தா கோடு அப்படியே டைப் ஆகும், கூடவே வர்ற மேனுவல்ல என்டர் சஃபிக்ஸ்னு ஒரு பார்கோடு இருக்கும், அதை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிட்டா ஒவ்வொரு கோடுக்கும் பின்னாடி என்டரும் தானா விழும். இதுலதான் ஒரு சிக்கலும் இருக்கு. அந்த சிஸ்டத்துல யாராவது அட்ரஸ் அடிக்க தமிழ்99 கீபோர்டு லேஅவுட்டுக்கு மாத்தி வெச்சிருந்தாங்கன்னா ஆர்டர் நம்பர்ல இருக்கற இங்கிலீஷ் எழுத்தெல்லாம் தமிழ் எழுத்தா வந்து விழும், கேப்ஸ் லாக் ஆன்ல இருந்தா பெரிய எழுத்து சின்னதாயிடும். நம்பர் மட்டும் சரியா வரும், அதனால என்ன தப்புன்னு கண்டுபிடிக்கவே நேரம் ஆகும். விண்டோ ஓபன் ஆகும்போதே கீபோர்டு லேஅவுட்டை இங்கிலீஷுக்கு மாத்தற மாதிரி எழுதிடுங்க, வர்ற கோடை எல்லாம் பெரிய எழுத்தாக்கிட்டு அப்புறம் தேடுங்க.

பைத்தானும், ஸ்கிரீன் வரைய அதோட வர்ற டிகேஇன்டரும் இந்த வேலைக்குத் தாராளம், டேட்டாவுக்கு எஸ்கியூலைட்னு ஒரே ஃபைல்ல இருக்கற டேட்டாபேஸ். ஆர்டர் நம்பர், ஏடபிள்யூபி நம்பர் (பார்சலை டிராக் பண்ற கூரியர் நம்பர்), பார்கோடு எல்லா காலமும் டெக்ஸ்ட்டாத்தான் இருக்கணும், நம்பரா வெச்சா முன்னாடி இருக்கற சைபர் காணாமப் போயிடும். எக்ஸல்ல இருந்து இம்போர்ட் பண்றவங்க இன்னும் உஷாரா இருக்கணும், 15 இலக்கத்துக்கு மேல போனா மீதியை எல்லாம் எக்ஸல் சைபராக்கிடும். ஏடபிள்யூபி நம்பரை கூரியர் கம்பெனி கொடுத்ததைத்தான் போடணும், நாமளே ஒண்ணை உருவாக்கக்கூடாது.

ஸ்கிரீன்ல ஒரே ஒரு பெரிய பாக்ஸ் போதும். முதல்ல ஆர்டர் ஸ்லிப்பை ஸ்கேன் பண்ணா பீஸ் லிஸ்ட் வரும், அப்புறம் ஒவ்வொரு பீஸா ஸ்கேன் பண்ணப் பண்ண 3க்கு 1, 3க்கு 2ன்னு ஏறும், கடைசி பீஸ் விழுந்ததும் பட்டன் எதையும் தொடாமலே பிரிண்டர் ஓட ஆரம்பிக்கணும். பேக்கிங்ல நிக்கிற அக்காங்க கை ரெண்டும் துணியில இருக்கும், அவங்களால மானிட்டரைப் பாத்துட்டே இருக்க முடியாது, அதனால சத்தம் ரொம்ப முக்கியம். சரின்னா சின்னதா ஒரு பீப், தப்புன்னா நீளமா கரகரன்னு வேற சத்தம், அதோட ஸ்கிரீன் முழுக்க சிவப்பாகி அந்த பீஸை எடுத்து வெச்சுட்டு ஓகே கொடுக்கற வரைக்கும் அடுத்த ஸ்கேனை வாங்கவே கூடாது. மவுஸ் தெரியாம எங்கயாவது பட்டாலும் கர்சர் மறுபடி பாக்ஸுக்கே வர்ற மாதிரி ஃபோகஸைப் பிடிச்சு வெச்சுடுங்க.

ஸ்டிக்கர் கிழிஞ்சு போச்சுன்னா கையால அடிக்க வேண்டி வரும். அப்ப இஏஎன்-13 (பொருள் மேல இருக்கற 13 இலக்க பார்கோடு) கடைசி இலக்கத்தை செக் பண்ணுங்க: இடமிருந்து முதல் 12 இலக்கத்துல 1, 3, 5ன்னு ஒத்தைப்படை இடத்துல இருக்கறதை அப்படியே கூட்டி, இரட்டைப்படை இடத்துல இருக்கறதைக் கூட்டி 3ஆல பெருக்கி, ரெண்டையும் சேத்து, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறையுதோ அதுதான் 13ஆவது இலக்கம். 890123456789ன்னு வெச்சுக்கங்க, 28ம் 102ம் சேந்து 130, ஏற்கனவே பத்தோட மடங்குதான், அப்ப கடைசி இலக்கம் 0.

பிரிண்ட்டுக்கு பிடிஎஃப் வழியா போகாதீங்க, ஃபிட் டு பேஜ்ல சுருங்கினா பார்கோடு கோடெல்லாம் மங்கி கூரியர் ஹப்ல படிக்காது. ஜீப்ரா பிரிண்டர்னா இசட்பிஎல், டிஎஸ்சி பிரிண்டர்னா டிஎஸ்பிஎல்னு அதுஅதுக்கு ஒரு கமாண்ட் மொழி இருக்கு, அந்த கமாண்டை டெக்ஸ்ட்டா தயார் பண்ணி பைவின்32ங்கற பைத்தான் லைப்ரரி வழியா ரா மோடுல (எதையும் மாத்தாம அப்படியே) நேரா பிரிண்டருக்கு அனுப்புங்க. 203 டிபிஐல 1 மிமீக்கு 8 டாட், அப்ப நம்ம லேபிள் 800க்கு 1200 டாட். ஏடபிள்யூபிக்கு கோடு 128 (Code 128)ங்கற பார்கோடு வகை, அதுல மெல்லிசான பட்டை 2 அல்லது 3 டாட், ரெண்டு பக்கமும் அதைப் போல 10 மடங்கு வெத்திடம் கண்டிப்பா விடுங்க.

தமிழ்ல அட்ரஸ் வந்தா பிரிண்டர் ஃபான்ட்டை நம்பாதீங்க, அந்தப் பகுதியைப் படமா மாத்தி அனுப்பணும். படமா மாத்தும்போது 'கொங்கு நகர்'னு ஒண்ணு அடிச்சுப் பாருங்க, கொம்பு ககரத்துக்கு முன்னாடி வராம பின்னாடி வந்து நின்னா பில்லோவுல (பைத்தான்ல படம் உருவாக்கற லைப்ரரி) எழுத்தைச் சரியா அடுக்கற ராக்ம் (Raqm) லைப்ரரி சேரலைன்னு அர்த்தம்.

ஒரு ஆர்டருக்கு ஒரு லேபிள்தான்னு டேட்டாபேஸ்லயே யூனிக்னு பூட்டிடுங்க. பேப்பர் சிக்கினா ரீபிரிண்ட் வேணும்தான், அது தனி பாஸ்வேர்டோட இருக்கட்டும், யாரு எப்ப எடுத்தாங்கன்னு பதிவாகணும். சாயங்காலம் பிக்கப் பையன் வரும்போது ஒட்டின லேபிளை எல்லாம் இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணி மேனிஃபெஸ்ட் (அனுப்பற பார்சல் பட்டியல்) எடுங்க, லேபிள் அடிச்சும் ஏறாத பார்சல் எதுன்னு வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.