பழைய பாகங்களைக் கொண்டு விளையாட்டுக்கும் நேரலைக்கும் ஒரு கணினி

விளையாடிக்கொண்டே நேரலையில் ஒளிபரப்பும்போது, நொடிக்கு 60 படச்சட்டங்களைச் சுருக்கி அனுப்பும் வேலையும் கணினிக்குச் சேர்கிறது. அந்த வேலையைப் பிராசசரின் தலையில் கட்டாமல், கிராபிக்ஸ் கார்டுக்குள் இருக்கும் என்கோடரிடம் விட்டுவிட்டால் நடுத்தரப் பிராசசரே போதும். ஆகவே, செலவுக் கணக்கைக் கார்டிலிருந்து தொடங்குவதே முறை.

பழைய கார்டுகளில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், ஆர்டிஎக்ஸ் 2060 ஆகிய இரண்டிலும் நேரலைக்கு ஏற்ற டூரிங் தலைமுறை என்கோடர் உண்டு. ஜிடிஎக்ஸ் 1650 வாங்குவோர் மட்டும் கவனிக்க வேண்டும்: முதலில் வந்த 1650இன் என்கோடர் அதற்கு முந்தைய வோல்டா தலைமுறையைச் சேர்ந்தது, 1650 சூப்பரில் அந்தக் குறை இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 விளையாட்டுக்கு மலிவான, நல்ல கார்டுதான் என்றாலும், அதன் எச்.264 முறை வீடியோ சுருக்கத்தில் வேகமான காட்சிகள் கட்டம் கட்டமாக உடைவதால் நேரலைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், தனியாரிடம் நேரில் வாங்கினாலும், கார்டை ஓட்டிக் காட்டச் சொல்லாமல் பணத்தை எடுக்கக் கூடாது. பழைய சிப்பில் வேறு பயாஸ் (சாதனத்தை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றிப் புதிய கார்டின் பெயரில் விற்பது உண்டு. ஜிபியு-இசட் மென்பொருள் இத்தகைய போலிகளைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் பத்து நிமிடமாவது ஓட்டி, வெப்பநிலை ஓரிடத்தில் நிலைக்கிறதா, விசிறியில் கரகரப்பு எழுகிறதா என்று பார்க்க வேண்டும். திருகுகளின் தலை தேய்ந்திருந்தால், யாரோ கார்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். அதற்கான காரணத்தைக் கேட்டபின் விலை பேசலாம்.

பிராசசருக்கு ரைசன் 5 3600 அல்லது 5600 போதும். இரண்டும் 6 கோர், 12 திரெட் கொண்டவை. இவற்றின் ஊசிகள் பிராசசரின் அடியிலேயே இருப்பதால், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்த்தால் வளைந்த ஊசி உடனே தெரிந்துவிடும். பழைய பி450 மதர்போர்டில் 5600ஐப் பொருத்துமுன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். அலுவலகங்கள் கழித்துவிட்ட ஐ7-4790 கணினிகள் விலையால் கவர்ந்தாலும், விண்டோஸ் 11 அவற்றை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது.

ரேமைப் பழையதாக வாங்கலாம். 16 ஜிபி ஒரே குச்சியைவிட 8 ஜிபி இரண்டு மேல். பவர் சப்ளையையும் எஸ்எஸ்டியையும் புதிதாகவே வாங்குங்கள். 550 வாட் தரமான பவர் சப்ளை இந்த அமைப்புக்குத் தாராளம்.

நேரலையை ஒளிபரப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் என்கோடராக என்விடியா கார்டின் என்வென்க்கைத் தேர்ந்து, ட்விட்ச் நேரலைத் தளத்துக்கு 6,000 கேபிபிஎஸ் நிலையான பிட்ரேட்டும் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) 2 நொடி கீஃப்ரேம் (முழுப் படமாக அனுப்பப்படும் சட்டம்) இடைவெளியும் வைக்கலாம். அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் இருப்பது நல்லது. நேரலை திக்கினால் ஓபிஎஸ்ஸின் புள்ளிவிவரப் பலகையைப் பாருங்கள். இணையத்தில் தொலைந்த சட்டங்கள் கூடினால் கோளாறு இணைப்பில் உள்ளது. ரெண்டரிங்கில் தவறியவை கூடினால், விளையாட்டின் படச்சட்ட வேகத்துக்கு 60 என வரம்பு வைத்து, கார்டுக்குச் சற்று மூச்சுவிட இடம் கொடுங்கள்.