மழை லில்லிக்குத் தாயும் தகப்பனும் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடலூரில் நல்ல மழை ஒன்று பெய்து மூன்று நான்கு நாள் கழித்துத் தெருவில் நடந்தால், வாசல் தொட்டிகளில் மழை லில்லி பூத்து நிற்கும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு ஆகிய மூன்றும் நம் பக்கத்து நர்சரிகளில் எளிதாகக் கிடைக்கின்றன. இவற்றைக் கலந்து புது நிறம் உண்டாக்க மொட்டை மாடியே போதும். ஆனால் விதை தரும் தாயையும் மகரந்தம் தரும் தகப்பனையும் தேர்வதில் தவறினால் ஒரு வருட உழைப்பு போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது. அதனால் தேர்வைப் பற்றியே இங்கே அதிகம் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு வருடம் கணக்கு எடுங்கள்

ஒரு நாள் காலையில் கண்ணைப் பறித்த பூவைப் பெற்றோராக வைக்காதீர்கள். இந்தப் பூ ஒன்றிரண்டு நாளில் வாடிவிடும். மே மாத இடிமழைக்குப் பூத்த செடி, ஆவணி மாலை மழைக்கும் பூக்கிறதா, ஐப்பசி அடைமழையிலும் மொட்டு விடுகிறதா என்பதே கேள்வி. வறட்சிக்குப் பின் வரும் ஈரம்தான் மொட்டைத் தூண்டுகிறது. அந்த அழைப்புக்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்லும் செடிதான் நமக்கு வேண்டும்.

இதில் ஏமாறுவது சுலபம். ஒரு தொட்டியில் இருபது கிழங்குகள் நெருங்கி இருந்தால், இந்த மழைக்கு நான்கும் அடுத்த மழைக்கு வேறு ஐந்தும் பூக்கும். நாமோ செடி ஓயாமல் பூப்பதாக நினைத்துக்கொள்வோம். எனவே ஒரு தொட்டிக்கு ஒரே கிழங்கு வையுங்கள். தயிர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டாலும் தொட்டிதான். பெயிண்டால் எண் எழுதி, மழை பெய்த தேதியையும் பூத்த தேதியையும் நோட்டில் குறியுங்கள். ஒரே கிழங்கிலிருந்து பிரிந்த குட்டிகள் அத்தனையும் ஒரே செடிதான். அவற்றுக்குள் நல்லது எது என்று தேடிப் பயனில்லை. புதுச்சேரி நர்சரியில் வாங்கியது, பண்ருட்டி உறவினர் கொடுத்தது, பக்கத்து வீட்டுக் கிழங்கு என வெவ்வேறு இடத்துச் செடிகளை, ஒரே பருமனில் எடுத்து ஒப்பிடுங்கள்.

கார்த்திகை ஈரத்தில் கிழங்கு அழுகும் செடியையும், இலையில் வெளிறிய கோடுகள் ஓடும் செடியையும் தயங்காமல் விலக்குங்கள். கோடு வைரஸின் அடையாளமாக இருக்கலாம்.

இரண்டாம் படி: தாய் உண்மையில் தாய்தானா?

முதல் முறை மஞ்சளைத் தாயாக வைத்து, அதன் சூல்முடியில், அதாவது பூவின் நடுத்தண்டு நுனியில், இளஞ்சிவப்பின் மகரந்தத்தைத் தடவினேன். காய் பிடித்தது, விதை முளைத்தது. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து பார்த்தால் அத்தனை கன்றும் அச்சு அசல் மஞ்சள். மஞ்சள் இனமான செஃபிராந்தஸ் சிட்ரினா, கருவுறாமலே தன் திசுவிலிருந்து விதையை உருவாக்கக்கூடியது. மகரந்தம் அதற்கு வெறும் தூண்டுதல். தகப்பனின் குணம் கன்றுக்குள் போவதே இல்லை.

ஆனால் மஞ்சளின் மகரந்தம் நல்லது. அதைத் தகப்பனாக வையுங்கள். இளஞ்சிவப்பு என்னிடம் காய் பிடித்ததே இல்லை. தொடங்குபவர்களுக்கு என் யோசனை, வெள்ளை தாய், மஞ்சள் தகப்பன். ‘அஜாக்ஸ்’ என்ற வெளிர்மஞ்சள் கலப்பினம் இவ்விரண்டும் சேர்ந்து பிறந்ததே.

மூன்றாம் படி: சேர்ப்பது

மறுநாள் விரியப்போகும் பருத்த மொட்டை மாலையிலேயே மெல்லப் பிரியுங்கள். உள்ளே ஆறு மகரந்தப் பைகள், நடுவில் சூல்முடியைத் தாங்கும் சூல்தண்டு. பைகள் வெடிப்பதற்கு முன் சிறு இடுக்கியால் ஆறையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஜூஸ் ஸ்ட்ராவில் விரல் நீளத் துண்டை வெட்டி, ஒரு முனையை மடித்து ஒட்டி, சூல்தண்டின் மேல் தொப்பிபோல் மாட்டுங்கள். தேனீ உள்ளே போக முடியாது.

மறுநாள் காலை பத்து மணிவாக்கில், வெயிலில் மகரந்தம் உலர்ந்து பொடியாக நிற்கும்போது, தகப்பன் பூவின் பையைப் பறித்துச் சூல்முடியில் தொட்டுத் தடவுங்கள். மஞ்சள் தூள் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொப்பியை மீண்டும் மாட்டி, தண்டில் நூல் கட்டி, தாய் பெயரை முதலிலும் தகப்பன் பெயரை அடுத்தும் எழுதித் தேதி போடுங்கள். இரண்டும் ஒரே நாளில் பூக்காவிட்டால், மகரந்தத்தைக் காகிதத்தில் உலர்த்தி மடித்து, சின்ன டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்தலாம். நனைந்த மகரந்தம் ஆகாது.

நான்காம் படி: விதை

மூன்று நான்கு வாரத்தில் காய் பழுத்து வெடிக்கும். தட்டையான கருப்பு விதைகள் காற்றில் சிதறிவிடும். முன்கூட்டியே வலைத்துணி கட்டுங்கள். உடனே மணலும் தேங்காய்நார்த் தூளும் கலந்து விதையுங்கள்.

கன்றுகள் பூக்க ஒன்று முதல் இரண்டு வருடம் ஆகும். முதல் தலைமுறையில் எதுவும் மனதுக்குப் பிடிக்காவிட்டாலும் எறிந்துவிடாதீர்கள். மறைந்திருக்கும் குணம் அடுத்த தலைமுறையில் வெளிவரலாம். அதிக மழைகளுக்குப் பூத்த இரண்டு கன்றுகளைத் தங்களுக்குள் சேர்த்துப் பாருங்கள். சில கன்றுகள் காயே பிடிக்காது. பூ அழகாக இருந்தால் கிழங்கைப் பிரித்துப் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்குத் தொட்டியில் எண் எழுதி, நோட்டில் புதுப் பக்கம் தொடங்குங்கள்.