ரீகால் நிலுவையில் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார்: அமெரிக்காவில் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் முதன்முறையாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுபவர்களின் கண்ணில் அதிகம் படுபவை, 2000க்கும் 2014க்கும் இடையில் வெளிவந்த கார்கள்தான். ஹோண்டா எஸ்2000, மாஸ்டா ஆர்எக்ஸ்-8, ஃபோர்டு மஸ்டாங், டாட்ஜ் சேலஞ்சர், பிஎம்டபிள்யூ எம்3 என்று நீளும் இந்தப் பட்டியலில் உள்ள பல கார்கள், ஏதோ ஓர் ஆண்டு மாடலிலாவது, ஏர்பேக் தயாரித்த டகாட்டா நிறுவனத்தின் ரீகாலில் சிக்கியவை. பாதுகாப்புக் குறையுள்ள கார்களை உற்பத்தியாளர் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவதே ரீகால்; அந்தக் குறை இன்னமும் சரிசெய்யப்படாமல் இருக்கும் காரையே ரீகால் நிலுவையில் உள்ள கார் என்கிறோம். அப்படிப்பட்ட காரைக் கண்டதும் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலை முடியும் முன் பணத்தைக் கொடுப்பதும், அந்தக் காரை ஓட்டுவதும் கூடாது. கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த ஒரு விதியைக் கடைப்பிடிப்பதற்கானவையே.

முதலில், சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

ரீகால் நிலுவையில் உள்ள புதிய காரை டீலர் விற்கக் கூடாது என்று அமெரிக்க மத்திய சட்டம் சொல்கிறது. 35 அல்லது அதற்கு மேற்பட்ட கார்களை வைத்திருக்கும் வாடகைக் கார் நிறுவனங்களும் அப்படிப்பட்ட காரை வாடகைக்கு விடக் கூடாது என்ற விதி 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பழைய கார் விற்கும் டீலருக்கோ, தன் வீட்டு வாசலில் வைத்து விற்கும் தனிநபருக்கோ அத்தகைய மத்தியத் தடை எதுவும் இல்லை. பளபளப்பாகக் கழுவி, 'நன்கு பரிசோதிக்கப்பட்டது' என்ற அட்டையுடன் நிறுத்தியிருக்கும் காரிலும் ரீகால் நிலுவையில் இருக்கலாம் என்பதே இதன் பொருள். ஆகவே சோதிக்கும் பொறுப்பு முழுவதும் வாங்குபவருடையது.

படி 1: காரைப் பார்க்கப் போகும் முன்பே வின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

ஒவ்வொரு காருக்கும், அதைத் தனியாக அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணும் கலந்த 17 இலக்க வின் எண் உண்டு. ஓட்டுநர் பக்கத்து டேஷ்போர்டின் மூலையில், முன்கண்ணாடி வழியே வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படி அது பொறிக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலும் இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்றும் வின் எண்ணில் வருவதே இல்லை. எனவே ஓ போலத் தெரிவதைப் பூஜ்யம் என்றே எழுதுங்கள். விற்பவரிடம் அந்த இடத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். வின் எண்ணைத் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேசுவது வீண் என்பது என் உறுதியான கருத்து.

படி 2: அரசின் இணையதளத்தில் தேடுங்கள்

அமெரிக்க அரசின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான என்.எச்.டி.எஸ்.ஏ., தன் இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் வின் எண்ணைக் கொண்டு தேடும் வசதியை இலவசமாகத் தருகிறது. எண்ணை இட்டவுடன், அந்தக் குறிப்பிட்ட காரில் இன்னும் செய்யப்படாத ரீகால்கள் மட்டும் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும்: முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு, அடுத்து வாகனத்தைக் குறிக்கும் 'வி' என்ற எழுத்து, பிறகு மூன்று இலக்கங்கள். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டீலரிடம் பேசும்போது தேவைப்படும்.

தேடலில் எதுவும் வரவில்லை என்பதாலேயே நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இந்தத் தேடலுக்கு எல்லைகள் உண்டு. 15 ஆண்டுகளுக்கு முந்தைய ரீகால்கள் இதில் வராமல் போகலாம். அண்மையில் அறிவிக்கப்பட்டு, பாதிக்கப்பட்ட கார்களின் எண்கள் இன்னும் முழுமையாகச் சேர்க்கப்படாதவையும் வராது. மிகச் சில கார்களை மட்டுமே தயாரிக்கும் சிறு நிறுவனங்களும் விடுபட்டிருக்கலாம். ஆகவே அதே தளத்தில் ஆண்டு, நிறுவனம், மாடல் என்று கொடுத்து இரண்டாம் முறை தேடி, அந்த மாடலுக்கு இதுவரை வந்த எல்லா ரீகால்களையும் படித்துவிடுங்கள். பிறகு உற்பத்தியாளரின் சொந்த இணையதளத்திலும் அதே வின் எண்ணை இட்டுப் பாருங்கள்.

25 ஆண்டு பழமையான கார்களை அமெரிக்கப் பாதுகாப்புத் தரங்களுக்கு உட்படாமலே கொண்டுவர அனுமதிக்கும் 25 ஆண்டு விதியின்கீழ், ஜப்பானிலிருந்து இறக்குமதியான வலப்பக்க ஸ்டீயரிங் கார்களின் நிலை வேறு. அவற்றில் இருப்பது 17 இலக்க வின் எண் அல்ல, ஜப்பானியச் சட்டக (சேஸிஸ்) எண். அமெரிக்கத் தேடலுக்கு அந்த எண் புரியாது. அந்த நிறுவனத்தின் ஜப்பானியத் தளத்தில்தான் தேட வேண்டும். ரீகால் இருப்பது தெரிந்தாலும், உள்ளூர் டீலர் அதைச் செய்து தருவார் என்று எண்ணி வாங்கக் கூடாது.

படி 3: ரீகாலின் தன்மையைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள்

எல்லா ரீகாலும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. கதவில் ஒட்டிய ஸ்டிக்கரில் தவறான எடை அச்சாகியிருந்தாலும் ரீகால்தான். மோதலில் ஏர்பேக்கே ஆளைக் கொல்லக்கூடும் என்றாலும் ரீகால்தான். எனவே சுருக்கத்தோடு நிறுத்தாமல், என்ன பழுது, அதனால் என்ன நேரும், தீர்வு என்ன என்ற மூன்று பகுதிகளையும் படியுங்கள்.

டகாட்டா விஷயத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த வயதுடைய ஸ்போர்ட்ஸ் கார்களில் நீங்கள் அதிகம் எதிர்கொள்ளப்போவது அதுதான். ஏர்பேக்கை நொடிப்பொழுதில் விரியச் செய்வது இன்ஃப்ளேட்டர் என்ற உலோகக் குப்பி. டகாட்டா அதற்குள் அம்மோனியம் நைட்ரேட் வில்லைகளை வைத்தது. ஈரத்தை உறிஞ்சும் பொருளைப் பலவற்றில் வைக்கவில்லை. பல ஆண்டுகள் பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட, காற்றின் ஈரமும் சேர, அந்த வில்லைகள் பொலபொலத்துப்போகின்றன. மோதலின்போது அவை எரிய வேண்டிய வேகத்தைவிடப் பன்மடங்கு வேகமாக எரிவதால், குப்பியே வெடித்து, உலோகத் துண்டுகள் ஏர்பேக் துணியைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கழுத்தையும் முகத்தையும் தாக்குகின்றன. பம்பர் மட்டும் நசுங்கக்கூடிய சிறு மோதலிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6.7 கோடி ஏர்பேக்குகள் இந்த ரீகாலில் அடங்கும், இறந்தவர்கள் 25 பேருக்கு மேல், காயமுற்றவர்கள் நூற்றுக்கணக்கில். டகாட்டா 2017இல் திவால் ஆனது.

வெப்பமும் ஈரமும் காரணம் என்பதால், ஃப்ளோரிடா, டெக்சாஸ், லூசியானா, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் ஓடிய கார்களை முதல் வரிசையில் வைத்துப் பழுதுபார்த்தார்கள். ஆனால் இன்று மினசோட்டாவில் நிற்கும் கார் பத்தாண்டுகள் மயாமி வெயிலில் நின்றிருக்கலாம். தற்போதைய முகவரியை வைத்து முடிவெடுக்காமல், கார்ஃபாக்ஸ் போன்ற வரலாற்று அறிக்கையை வாங்கி, எந்தெந்த மாநிலங்களில் பதிவாகியிருந்தது என்று பாருங்கள்.

சில ரீகால்களோடு 'ஓட்டாதீர்கள்' என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வரும். 2008 முதல் 2010 வரையிலான டாட்ஜ் சேலஞ்சர்களுக்கு 2022 நவம்பரிலும், எம்3 உட்பட 2000–2006 பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கார்கள் பலவற்றுக்கு 2023 மே மாதத்திலும் அத்தகைய எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இந்த எச்சரிக்கை உள்ள காரில் 'ஒரு சுற்று மட்டும்' என்று டெஸ்ட் டிரைவ் போவதும் வேண்டாம். விற்பவர் வற்புறுத்தினாலும் வேண்டாம்.

ஏர்பேக்கைத் தவிர்த்த உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும். போன்டியாக் சால்ஸ்டிஸ், சாட்டர்ன் ஸ்கை ஆகிய இரு சிறிய ரோட்ஸ்டர்களும் ஜெனரல் மோட்டார்ஸின் 2014 இக்னிஷன் சுவிட்ச் ரீகாலில் அடங்கும். சாவிக்கொத்தின் பாரத்தாலோ சாலைக் குலுக்கலாலோ சாவி தானாகத் திரும்பி, ஓடும்போதே இன்ஜின் அணைந்து, ஏர்பேக்கும் செயல்படாமல் போகும் குறை அது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களுக்கு இந்தக் குறையே காரணம் என ஏற்றது. போன்டியாக், சாட்டர்ன் இரண்டும் இன்று இல்லை. ஆனாலும் பொறுப்பு தாய் நிறுவனத்துக்கு இருப்பதால், மற்றொரு ஜெனரல் மோட்டார்ஸ் டீலரிடம் அந்த வேலையைச் செய்துகொள்ளலாம்.

படி 4: அந்த பிராண்டின் டீலரை, சர்வீஸ் பிரிவில், தொலைபேசியில் அழையுங்கள்

விற்பனைப் பிரிவை அல்ல, சர்வீஸ் பிரிவைக் கேளுங்கள். வின் எண்ணைக் கொடுத்து, எந்தெந்த ரீகால் நிலுவையில் இருக்கிறது, அதற்கான பாகம் கையிருப்பில் உள்ளதா, எத்தனை நாளில் முடியும் என்று விசாரியுங்கள். இணையதளத்தில் 'தீர்வு இன்னும் கிடைக்கவில்லை' என்று இருந்தால், மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அப்படிப்பட்ட காரைத் தொடக்கநிலையில் இருப்பவர்கள் விட்டுவிடுவதே நல்லது.

'ஏர்பேக் 2014லேயே மாற்றியாயிற்று' என்று விற்பவர் ஒரு ரசீதை நீட்டக்கூடும். அதை வைத்து மட்டும் நம்பாதீர்கள். தொடக்க ஆண்டுகளில் சில கார்களில் பழைய டகாட்டா இன்ஃப்ளேட்டருக்குப் பதிலாக அதே வகையின் புதிய ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தினார்கள்; அவற்றை மறுபடியும் மாற்ற வேண்டியிருந்தது. டீலரின் கணினியில் இன்றைய நிலை என்ன என்பதே கணக்கு.

படி 5: நேரில் பார்க்கும்போது ஸ்டீயரிங்கில் தொடங்குங்கள்

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. முந்தைய உரிமையாளர்கள் பலர் தொழிற்சாலை ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டுப் பந்தயப் பாணி ஸ்டீயரிங்கைப் பொருத்தியிருப்பார்கள். நடுவில் ஹாரன் பொத்தான் மட்டும் இருக்கும், ஏர்பேக் இருக்காது. மாற்ற வேண்டிய பாகமே காரில் இல்லாதபோது டீலரால் ரீகாலை முடிக்க முடியாது. கழற்றிய அசல் ஸ்டீயரிங்கும் ஏர்பேக்கும் எங்கே என்று கேளுங்கள். கராஜில் கிடக்கிறது என்றால், யாரும் அதைத் தொட்டுத் தூக்கிவர வேண்டாம், எப்படி ஒப்படைப்பது என்று முதலில் டீலரிடம் கேட்க வேண்டும்.

அடுத்து, சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி, மீட்டர் பலகையில் ஏர்பேக் விளக்கைக் கவனியுங்கள். சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் அமைப்பில் பழுது. ஒருமுறைகூட எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசமான அறிகுறி. பழுதை மறைக்க யாரோ பல்பையே எடுத்திருக்கலாம்.

மோதலுக்குப் பின் 'சால்வேஜ்' டைட்டில் (பெருஞ்சேதமானது என்று குறிக்கும் உரிமைச் சான்று) பெற்று மீண்டும் சரிசெய்யப்பட்ட கார் என்றால் ஆபத்து வேறு வகையானது. பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்த, ரீகாலுக்கு உள்ளான ஏர்பேக்கை அதில் பொருத்தியிருக்கலாம். வின் எண் தேடலுக்கு அது தெரியவே தெரியாது. 2017இல் நெவாடாவில் இப்படி வேறொரு காரிலிருந்து எடுத்துப் பொருத்திய டகாட்டா ஏர்பேக் சிறு மோதலில் வெடித்து, ஓர் இளம்பெண்ணின் கழுத்தில் கடுங்காயம் ஏற்படுத்தியது. சால்வேஜ் டைட்டில் ஸ்போர்ட்ஸ் காரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 6: விலையைப் பேசும் முன் வேலையை முடிக்கச் சொல்லுங்கள்

'ரீகால் இருக்கிறது, அதனால் ஐந்நூறு டாலர் குறைத்துக்கொள்கிறேன்' என்று விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். ரீகால் வேலைக்குக் காரின் உரிமையாளர் செலவு செய்ய வேண்டியதில்லை. பாகமும் கூலியும் உற்பத்தியாளர் கணக்கு. குறை கண்டறியப்பட்ட நாளில், முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு ஆகாத காருக்கு இந்த இலவசத் தீர்வைச் சட்டமே உறுதிசெய்கிறது. கார் எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த உரிமை காரோடு வரும். வாரண்டி முடிந்துவிட்டதா என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. அப்படியிருக்க, இலவசமாக முடிய வேண்டிய வேலையை விற்பவரே முடித்துக் கொடுப்பதுதான் முறை. 'ஓட்டாதீர்கள்' எச்சரிக்கை உள்ள கார்களுக்கு உற்பத்தியாளர்கள் பலர் இலவசமாக டோ டிரக் அனுப்புகிறார்கள், அல்லது வீட்டுக்கே மெக்கானிக்கை அனுப்புகிறார்கள். ஆகவே 'கொண்டுபோக நேரமில்லை' என்ற சாக்கும் செல்லாது.

முன்பணம் கொடுக்க நேர்ந்தால், இன்ன எண்ணுள்ள ரீகால் வேலைகள் முடிந்த சர்வீஸ் ரசீது கிடைத்த பிறகே மீதித் தொகை தரப்படும், முடியாவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ரசீது வந்ததும் அதிலுள்ள வின் எண்ணை டேஷ்போர்டு, கதவு, டைட்டில் ஆகிய மூன்றிலும் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, இணையதளத்தில் மறுபடியும் தேடிப் பாருங்கள்.

படி 7: வாங்கியபின் உங்கள் முகவரியைத் தெரிவியுங்கள்

புதிய ரீகால் வந்தால் உற்பத்தியாளர் கடிதம் அனுப்புவார். ஆனால் பலமுறை கைமாறிய காருக்கு அது பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. காரை உங்கள் பெயருக்கு மாற்றிய வாரத்திலேயே உற்பத்தியாளர் தளத்தில் உரிமையாளர் விவரத்தைப் புதுப்பித்துவிட்டு, என்.எச்.டி.எஸ்.ஏ.வின் சேஃபர்கார் செயலியிலும் காரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இருமுறையாவது வின் எண்ணைத் தேடிப் பாருங்கள். டீலர் எவரேனும் ரீகால் வேலைக்குப் பணம் கேட்டால், கொடுக்காமல், முதலில் உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் பிரிவிலும், அங்கும் தீராவிட்டால் என்.எச்.டி.எஸ்.ஏ.விலும் புகார் அளியுங்கள்.