சிறு ஆர்.என்.ஏ.க்களை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ.வை ‘மரபணுவை அணைக்கும் பொத்தான்’ என்று சொல்லிக்கொடுப்பதுதான் மாணவர் மனத்தில் ஆழப் பதிந்துவிடும் முதல் தவறு. மரபணு அணைக்கப்படுவதே இல்லை. அதிலிருந்து படியெடுக்கப்பட்டு, புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வின், புரதமாக மாறாத வால்பகுதியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒட்டிக்கொண்டு, புரத உற்பத்தியைத் தடுக்கிறது அல்லது அந்தத் தூது ஆர்.என்.ஏ.வையே விரைவில் சிதையச் செய்கிறது.

இதை முதன்முதலாகக் காட்டிக்கொடுத்தது ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழு. லின்-4 என்ற, 22 நியூக்ளியோடைடுகளே (ஆர்.என்.ஏ.வின் ‘எழுத்துகள்’) கொண்ட மைக்ரோ ஆர்.என்.ஏ., லின்-14 புரதத்தின் அளவைக் குறைப்பதை விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோரின் குழுக்கள் 1993-இல் வெளியிட்டன; 2024-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. லின்-4 செயலிழந்த புழுவில், முதல் இளம்பருவத்துக்குரிய உயிரணுப் பிரிவுகள் பிந்தைய பருவங்களிலும் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. முட்டையிடும் துளை உருவாகாததால் முட்டைகள் உடலுக்குள்ளேயே தேங்கிவிடுகின்றன. லின்-14 செயலிழந்தாலோ, முதல் பருவத்தின் வேலைகள் விடுபட்டு, அடுத்த பருவத்தின் வேலைகள் முன்கூட்டியே தொடங்கிவிடுகின்றன. ஆகவே இங்கே கட்டுப்படுத்தப்படுவது வளர்ச்சியின் காலவரிசை. இதைச் சொல்லாமல் வெறும் ‘தடுப்பு’ என்று எழுதினால் விஷயத்தின் உயிரே போய்விடுகிறது என்பது என் கருத்து.

ஒரு தூது ஆர்.என்.ஏ. எழுத்துக்கு எழுத்து முழுதாகப் பொருந்தினால்தான் அது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் இலக்கு என்று கருதுவதும் தவறு. விலங்குகளில் பெரும்பாலும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் தொடக்கத்திலிருந்து 2-ஆம் இடம் முதல் 8-ஆம் இடம் வரையிலான நியூக்ளியோடைடுகளின் பொருத்தமே முக்கியம். அவ்வளவு சிறிய பொருத்தம் தற்செயலாகவும் அமையக்கூடும் என்பதால், கணினி தரும் இலக்குப் பட்டியலை அப்படியே சான்றாகக் கொள்ளக்கூடாது; தூது ஆர்.என்.ஏ.வில் பொருந்தும் அந்த இடத்தை மாற்றியமைத்து, கட்டுப்பாடு நீங்குகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

எஸ்.ஐ. ஆர்.என்.ஏ. (siRNA), பிவி ஆர்.என்.ஏ. (piRNA) என்னும் வேறு வகைச் சிறு ஆர்.என்.ஏ.க்களை மைக்ரோ ஆர்.என்.ஏ.வோடு ஒன்றாகக் குழப்பக்கூடாது. பிவி ஆர்.என்.ஏ.வின் முதன்மைப் பணி, இனப்பெருக்க உயிரணுக்களில் மரபுத்தொகுதிக்குள் இடம்விட்டு இடம்பெயரும் மரபுக்கூறுகளை அடக்குவது. அது உருவாக, மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை வெட்டி உருவாக்கும் டைசர் நொதி தேவையில்லை.

ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை நீக்கியும் விலங்கு நலமாக இருந்தால் ‘இது வேலையற்றது’ என்று முடிவுகட்டுவோரும் உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கக்கூடும். டைசர் நொதியே இல்லாத சுண்டெலிக் கரு தொடக்க நாட்களிலேயே இறந்துவிடுகிறது. தாயிடமிருந்தும் டைசர் கிடைக்காத வரிக்குதிரை மீன் கருவில் மூளை சரியாக உருவெடுப்பதில்லை. ஆனால் மிர்-430 என்ற ஒரே குடும்பத்தின் ஆர்.என்.ஏ.வை ஊசிவழி செலுத்தினால், அந்தக் குறை பெருமளவு சரியாகிவிடுகிறது.