தோட்டத்துக்கு மனநல வேலையாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புதிதாக வருகிற உளவளத்துணையாளர்களோடு கூடப் போவதே இப்போது என் வேலையில் பாதி. ஆள் புதிது, சறுக்குகிற இடம் மட்டும் அந்தக் காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடம். மரியாதையாகப் பேசு, கேட்டதை வெளியே சொல்லாதே என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அது பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

ஆளை ஆபீஸ் மூலம் வரவழைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் இது வசதிக்காகச் செய்யும் தவறு. தோட்டத்துக்குள் போக எப்படியும் துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) அனுமதி கேட்க வேண்டும். கேட்கப் போன இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "யார் யாரைப் பார்க்கணும், பேரைக் கொடுங்க, வரச் சொல்றேன்" என்பார்கள். புதியவருக்குச் சந்தோஷம். நாலு மலை ஏறி இறங்க வேண்டியதில்லை, மாத அறிக்கைக்கும் ஆள் கணக்கு சேர்ந்துவிடும்.

எங்களோடு வந்த ஒரு பிள்ளை அப்படித்தான் ஒரு பேரைக் கொடுத்தாள். மகனைப் பறிகொடுத்த பிறகு தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல் இருந்த ஒரு அம்மா. ஆபீசிலிருந்து கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி, கணக்கப்பிள்ளை கங்காணிக்குச் சொல்லி, வேலையை மேற்பார்க்கும் கங்காணி மலை உச்சியில் நின்று கூப்பிட்டார்: "அக்கா, மெண்டல் மிஸ் வந்திருக்காங்களாம், ஆபீசுக்கு எறங்கி வா!" நிரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா கூடையோடு இறங்கி வந்தார், எதுவும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். பகல் நிறுவையில் கிலோ குறைந்தது. அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அதுதான் பேச்சு. மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தக்காரர்கள் அதற்குப் பிறகு வரவே இல்லை. அடுத்த தடவை நாங்கள் போனபோது கதவு திறக்கவில்லை. அம்மாவின் தம்பி வாசலில் நின்று, "இனி வராதீங்க" என்றார். அந்த லயத்தில் (வரிசை வீடுகளில்) யாரும் வெகுநாள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கங்காணியைத் திட்டிப் பயனில்லை. வேலைக்கு ஆள் கூப்பிடுவது எப்படியோ அப்படியே கூப்பிட்டார். வேலை, வீடு, லீவு, கடன் எல்லாம் இங்கே ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. குடியிருக்கிற லயக் காம்பராவே தோட்டத்துடையது. அந்த ஆபீசில் உட்கார்ந்து, "மனசுக்கு என்ன கஷ்டம், சொல்லுங்கம்மா" என்று கேட்டால் யார் சொல்வார்கள்? பக்கத்து மேசையில் கிளார்க் பேனாவை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருப்பார்.

அனுமதியை உள்ளே போவதற்கு மட்டும் வாங்குங்கள். பேர் கொடுக்காதீர்கள். பிறகு ஜனங்கள் எப்படியும் நிற்கிற இடங்களில் நில்லுங்கள். பிள்ளைக்காம்பராவில் (குழந்தைக் காப்பகத்தில்) குழந்தையைத் தூக்கிப்போக வரும் நேரம், மிட்வைப் கிளினிக் நாள், விறகுக் கட்டோடு இறங்கி வரும் பாதை. கூடவே நடந்தால் போதும், முகம் பார்க்காமல் பேச்சு வரும். வீட்டுக்குப் போவதானால் ஒரு வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். வரிசையாக ஐந்தாறு வீடு ஏறுங்கள், எந்த வீட்டுக்காக வந்தீர்கள் என்று தெரியக்கூடாது. (தேத்தண்ணி குடித்தே வயிறு நிரம்பும், அது வேறு விஷயம்.) பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் விம்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லலாம். மரக்கறிப் பாத்திப் பக்கம் போய் நின்று பேசுவது அதைவிட நல்லது.

பிள்ளையை வைத்து மொழிபெயர்ப்பது

டாக்டருக்குத் தமிழ் தெரியாது, பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்த மகன் பக்கத்தில் இருக்கிறான். அப்பா அடித்ததை அம்மா அவன் வாயால் சொல்ல முடியாது. வேறு ஆளைத் தேடுங்கள்.

கோடாங்கியோடு சண்டைக்கு நிற்பது

கோடாங்கி என்பவர் குறி சொல்லிப் பேயோட்டுகிறவர். நீங்கள் வருவதற்கு முன்னாலேயே அவர் நோயாளியைப் பார்த்திருப்பார். குறி கேட்டு, திருநீறு போட்டு, முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்தும் இருப்பார்கள். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்றால் உங்களைத்தான் விடுவார்கள். பூசையும் நடக்கட்டும், மாத்திரையும் போடட்டும் என்று சொல்லிப் பாருங்கள். "சாமி காரியம் நான் பாக்குறேன், மருந்தை விட்றாத" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் நாம் பத்துத் தடவை சொன்னதற்குச் சமம். அடிப்பது, சூடு வைப்பது, கட்டிப்போடுவது என்று போனால் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

மாலை போட்டதும் கைதட்டுவது

இது பலருக்குத் தெரியாது. தினமும் கசிப்பும் (கள்ளச்சாராயம்) சாராயமுமாக இருந்தவர் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துவார். வீட்டில் எல்லாருக்கும் ஆனந்தம். ஆனால் வருடக்கணக்கில் நிறையக் குடித்த உடம்பு முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் பேசுவது என்று போகலாம். சாமி குற்றம் என்று அறைக்குள் படுக்கவைத்துவிடுவார்கள். உயிரே போகக்கூடிய விஷயம் இது. விரதத்தைத் தடுக்காதீர்கள்; தொடங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள், நடுக்கம் கண்டால் உடனே ஆஸ்பத்திரி.

எல்லாவற்றையும் மனசு என்று சொல்வது

அசதி, தலைச்சுற்று, படபடப்பு என்றால் முதலில் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். கொழுந்தெடுக்கும் பெண்களில் இரத்தச்சோகை சாதாரணம்.

சாவைப் பற்றிக் கேட்கப் பயப்படுவது

கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்று தயங்குவார்கள். வராது. "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேரே கேளுங்கள். அப்புறம் வீட்டில் புல்லெண்ணெய் (களைக்கொல்லி), பூச்சிமருந்துப் போத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டு, வேறிடத்தில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். இலங்கையில் 1990களின் நடுவில் உச்சத்தில் இருந்த தற்கொலைச் சாவுகள் அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தன. அதில் 1995இலும் 1998இலும் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்ததற்குப் பெரிய பங்கு உண்டு. தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் குற்றமும் இல்லை. இன்னமும் பொலிசுக்குப் பயந்து, விஷம் குடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. இதை லயம் லயமாகச் சொல்லுங்கள்.

மண்சரிவு நடந்த மறுநாளே அழவைப்பது

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின, பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. அப்படி ஒரு இடத்தில் முகாமுக்குள் நுழையும் ஒவ்வொரு குழுவும், "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று தொடங்கினால் அது வைத்தியம் ஆகாது. போர்வை, சுடுதண்ணீர், காணாமல் போனவரைப் பற்றிய சரியான தகவல், உடல் இல்லாமலே கருமாதி செய்யப் பூசாரி, இவைதான் முதலில். பேச வேண்டியவர் தானாகப் பேசுவார்.

அங்கொடை என்று வாயெடுப்பது

எடுக்காதீர்கள். அங்கொடை என்றால் கொழும்புப் பக்கத்துப் பெரிய மனநல ஆஸ்பத்திரி; அந்தப் பேரைக் கேட்டதும் குடும்பமே பின்வாங்கிவிடும். பக்கத்து ஆஸ்பத்திரியின் மனநல கிளினிக்கில் தொடங்குங்கள். கிளினிக் நாள், பஸ் நேரம், அன்றைக்குப் போகும் ஒருநாள் பேர் (சம்பளம்) எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது

தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926. கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும் என்று நீங்களே ஏறிப் பாருங்கள். போன் பெரும்பாலும் புருசனுடையதாகவோ வீட்டுக்கே பொதுவானதாகவோ இருக்கும். பேசிய எண்ணை அழிக்கவும் அங்கேயே சொல்லிக்கொடுங்கள்.