ஃபிளமெங்கோ பார்க்கப் போகிறவர்கள் எப்போது கை தட்டக் கூடாது

ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியாவுக்குப் போகிற பயணிகளில் பலர் ஃபிளமெங்கோவை ஆட்டம் என்று நினைத்து டிக்கெட் எடுக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது முதலில் பாட்டு. பாட்டுக்கு காந்தே என்று பெயர். கிதாருக்கு தோக்கே, ஆட்டத்துக்கு பைலே. பாடகர் இழுத்த பக்கம் கிதார் போகும், இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டுதான் ஆடுபவர் காலை வைப்பார். ஆகவே எந்த அரங்கு நல்லது என்று யார் கேட்டாலும் எங்கள் பதில் ஒன்றுதான்: பாட்டு மைக் இல்லாமல் காதில் விழுகிற அளவுக்குச் சின்ன அரங்கு.

அரங்குகளில் பல வகை உண்டு. பயணிகள் பெரும்பாலும் போவது தப்லாவுக்கு. மரப்பலகை மேடை என்பதிலிருந்து வந்த பெயர் அது. தினமும் இரண்டு மூன்று காட்சி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், இடைவேளை கிடையாது. செவீயாவில் (ஆங்கிலத்தில் செவில் என்று எழுதுவார்கள்) சாந்தா குரூஸ் பகுதியில் இருக்கும் லோஸ் கய்யோஸ் 1966 முதல் நடக்கிறது. குனா தெருவில் காசா தே லா மெமோரியா இருக்கிறது. நடனக் கலைஞர் கிறிஸ்தினா ஓயோஸ் தொடங்கிய ஃபிளமெங்கோ நடன அருங்காட்சியகத்திலும் மாலைக் காட்சிகள் உண்டு. மாட்ரிட்டில் பேர்பெற்றது 1956-இல் திறந்த கொர்ரால் தே லா மொரெரியா. கிரனாடாவில் சாக்ரோமோந்தே மலைச்சரிவில் குகை வீடுகளுக்குள் நடக்கும். வெள்ளையடித்த நீளமான குகை, சுவரோரம் ஒற்றை வரிசை நாற்காலி, நடுவில் ஆட்டம். அங்கே ஆடுபவரின் பாவாடை உங்கள் முழங்காலை உரசிக்கொண்டு போகும்.

பென்யா என்பது ரசிகர் மன்றம். நம் ஊர் சபா மாதிரி, ஆனால் நாலு தெருக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. கட்டணம் குறைவு, சில இடங்களில் இலவசம். நிகழ்ச்சி இரவு ஒன்பது பத்துக்கு மேல்தான் தொடங்கும். ஆட்டமே இல்லாமல் ஒரு பாடகர், ஒரு கிதார் என்று இரண்டு மணி நேரம் போகலாம். கிரனாடாவின் லா பிளாதெரியா 1949-இல் தொடங்கியது, இருப்பதிலேயே பழைய பென்யா என்பார்கள். ஹெரெஸ் நகரத்துக்குப் போனால் தபாங்கோ என்கிற பழைய ஷெர்ரி மதுக்கடைகளில் பீப்பாய்களுக்கு நடுவே பாட்டு நடக்கும், குடிக்கிற கோப்பைக்குக் காசு கொடுத்தால் போதும். முதல் தடவை பார்க்கிறவர் தப்லாவில் தொடங்கி, பிடித்திருந்தால் அடுத்த இரவு பென்யாவுக்குப் போவது நல்லது. தலைகீழாகப் போனால் பென்யாவில் தூக்கம் வரும்.

டிக்கெட்

செவீயாவிலும் கிரனாடாவிலும் சாப்பாடு சேராத டிக்கெட் பொதுவாக 20 முதல் 30 யூரோ. மாட்ரிட்டில் அதைவிடக் கூடும். சாப்பாட்டோடு சேர்ந்த டிக்கெட்டைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு மடங்கு பணம் போகும், உணவு சுமாராக இருக்கும், பாடகர் முதல் வரியை எடுக்கும்போது பக்கத்து மேஜையில் முள்கரண்டி தட்டில் உரசும். மிச்சலின் நட்சத்திரம் வாங்கிய உணவகத்தையும் வைத்திருக்கிற கொர்ரால் தே லா மொரெரியா இதற்கு விலக்கு, ஆனால் அதன் விலையும் விலக்கானதுதான். பாயெய்யா (சோற்று உணவு), சங்ரியா (பழம் போட்ட மது), ஃபிளமெங்கோ மூன்றும் ஒரே பொட்டலம் என்று விளம்பரப் பலகை சொன்னால் தாண்டிப் போங்கள். பாயெய்யா வலென்சியா பக்கத்துச் சாப்பாடு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நல்ல இடத்துக்கு இரண்டு அடையாளம். அன்றைய இரவின் கலைஞர்கள் பெயரை வாசலிலோ இணையத்திலோ போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் பாடகர் என்று குறைந்தது ஒருவராவது தனியாக இருப்பார். ஒரு பாடகர், ஒரு கிதார், இரண்டு ஆடுபவர் என்று நாலு பேர் இருந்தால் போதுமானது. ஆறு ஆடுபவர், ஒரு பாடகர் என்றால் அது கண்ணுக்கு விருந்து, காதுக்குப் பட்டினி.

ஹோட்டல் மேஜையிலும் தெருவில் துண்டுச்சீட்டு கொடுப்பவரிடமும் வாங்கினால் தரகும் சேர்ந்திருக்கும். அரங்கின் சொந்த இணையதளத்தில் அல்லது வாசல் ஜன்னலில் வாங்குங்கள். சாதாரண நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு போதும். ஈஸ்டர் வாரம், அதை அடுத்து வரும் வசந்தத் திருவிழா, செப்டம்பர் மாதம் என்றால் இரண்டு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். 1980-இல் தொடங்கிய செவீயா பியெனால் விழா இரட்டைப்படை ஆண்டுகளின் செப்டம்பரில் நடக்கும், ஹெரெஸ் விழா பிப்ரவரி கடைசியில் தொடங்கும். பெரிய பெயர்களைக் கேட்க அதுதான் காலம், ஆனால் அவை தியேட்டர் நிகழ்ச்சிகள், முன்கூட்டி ஒத்திகை பார்த்து அமைத்தவை. தப்லாவில் அன்றைக்குத்தான் சேர்ந்த நாலு பேர், எல்லோருக்கும் தெரிந்த சைகைகளை நம்பி மேடையேறுவார்கள். நேற்று பார்த்ததே இன்று இருக்காது.

வசந்தத் திருவிழாக் கூடாரங்களில் ஜோடி ஜோடியாக ஆடுவார்களே, அது செவியானாஸ். நாலு பகுதி கொண்ட குடும்ப ஆட்டம், எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஃபிளமெங்கோ பார்த்தாயிற்று என்று திரும்பிவிடாதீர்கள்.

நாற்காலி

பல சின்ன அரங்குகளில் இருக்கை எண் கிடையாது, முந்தி வந்தவருக்கு முன்வரிசை. 30 நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள். மேடை முழங்கால் உயரம்தான் இருக்கும், அதனால் இரண்டாம் மூன்றாம் வரிசைக்குப் போனாலே முன்னால் இருப்பவர் தலை ஆடுபவரின் காலை மறைத்துவிடும். முன்வரிசை கிடைக்காவிட்டால் நடுவில் தேடாமல் ஓர நாற்காலிக்குப் போங்கள், பக்கவாட்டில் கால் தெரியும். மாடி இருந்தால் அதன் முன்வரிசை இன்னும் நல்லது. முன்வரிசையில் உட்கார்ந்தால் பையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பாத்தா தே கோலா என்கிற நீண்ட வால் வைத்த உடையை ஆடுபவர் காலால் தூக்கி வீசித் திருப்புவார், அது உங்கள் கைப்பையில் மாட்டினால் அவர் தடுக்கி விழுவார்.

கதவு மூடிய பிறகு உள்ளே விடாத இடங்கள் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வயது வரம்பு வைத்திருக்கிற இடங்களும் உண்டு, வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு அணைந்த பிறகு

கிதார்காரர் செஹியா என்கிற கவ்வியைக் கழுத்தில் நகர்த்தி மாட்டுவதைக் கவனியுங்கள். இன்றைய பாடகருக்கு எத்தனை கட்டை என்று பார்த்து வைக்கிறார். பிறகு பாடகர் ‘அய்’ என்று ஒரு நீண்ட குரலில் தொடங்குவார். அது அழுகையும் இல்லை, அலங்காரமும் இல்லை, சுருதியைப் பிடித்துத் தொண்டையை அந்த ராகத்தில் உட்கார வைக்கிற வேலை. சில விநாடிதான். அப்புறம் லெத்ரா, அதாவது மூன்று நாலு வரிப் பாடல். வரிக்கு வரி இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் கிதார் பதில் சொல்லும்.

ஆட்டம் சேர்ந்தால் பேச்சு மூன்று பேருக்குள் ஆகிவிடும். ஆடுபவர் சட்டென்று முன்னால் வந்து காலால் ஒரு முழு சுற்று தட்டி நிறுத்துவார். அதற்கு யமாதா என்று பெயர், ‘கூப்பிடுதல்’ என்று பொருள். பாடகரைப் பாடச் சொல்கிற அழைப்பு அது. பாட்டு வரும்போது கால் அடங்கிவிடும், கையும் இடுப்பும் மட்டும் நகரும். வரி முடிகிற இடத்தில் இரண்டு மூன்று அடியில் முற்றுப்புள்ளி வைப்பார். பாடகர் ஒதுங்கியபின் எஸ்கோபியா என்கிற காலடிப் பகுதி வரும். ஷூவின் முனையிலும் குதிகாலிலும் அடித்திருக்கிற ஆணிகள் பலகையில் பேசுகிற இடம். மெதுவாகத் தொடங்கி, இரண்டு மடங்காகி, எல்லோரும் மூச்சைப் பிடிக்கிற வேகத்துக்குப் போய், ஒரே அடியில் நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் கை தட்டலாம். ஆனால் சுருக்கமாகத் தட்டுங்கள், அடுத்த வரி உடனே வந்துவிடும்.

தாளம் நமக்கு எளிது, ஐரோப்பியப் பயணிகளைவிட எளிது. கொம்பாஸ் என்கிற தாளச் சுற்றுகளில் முக்கியமானது பன்னிரண்டு எண்ணிக்கை. புலெரியாஸ் வகையைப் பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்கினால் அழுத்தம் 12, 3, 6, 8, 10 ஆகிய இடங்களில் விழும். வாயால் சொன்னால் ‘தகிட தகிட தக தக தக’. அவ்வளவுதான். செகிரியா என்கிற கனமான துக்கப் பாட்டில் இதே துண்டுகள் வேறு இடத்தில் தொடங்கும்: ‘தக தக தகிட தகிட தக’. சொலேயா என்ற வகையும் பன்னிரண்டுதான், அதே இடங்களில்தான் அழுத்தம், ஆனால் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள், நடை மெதுவாக இருக்கும். அலெக்ரியாஸ் காதிஸ் துறைமுகத்திலிருந்து வந்த உற்சாகமான வகை, ‘திரிதித்ரான்’ என்ற அர்த்தமில்லாத சொற்கட்டோடு தொடங்கினால் அதுதான் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். இவற்றில் தாங்கோஸ் வகை மட்டும் நாலு எண்ணிக்கை. (அர்ஜென்டினா டாங்கோ வேறு.) மார்தினெத்தே என்ற வகையில் கிதாரே கிடையாது, கொல்லுப்பட்டறைப் பாட்டு என்பார்கள். சம்மட்டி ஓசை கூடச் சேர்த்துக்கொள்வதுண்டு. மேடையில் யாராவது பெட்டி மேல் உட்கார்ந்து அதையே தட்டினால் அது கஹோன், பெரு நாட்டிலிருந்து வந்தது. 1970-களின் கடைசியில் கிதார் கலைஞர் பாக்கோ தே லூசியா கொண்டுவந்து சேர்த்த பிறகு பரவியது.

கை

இப்போது தலைப்புக்கு வருவோம். மேடையில் இரண்டு பேர் கை தட்டுவதைப் பார்த்ததும் நமக்கும் கை துறுதுறுக்கும். தட்டாதீர்கள். பால்மாஸ் என்கிற அந்தக் கைத்தட்டு ஒரு வாத்தியம். ஒருவர் அடியில் தட்டுவார், இன்னொருவர் இரண்டு அடிகளுக்கு நடுவே தட்டுவார். பாடகர் பாடும்போது உள்ளங்கையைக் குழித்து மந்தமாகத் தட்டுவார்கள், காலடி உயரும்போது விரல்களை உள்ளங்கையில் அடித்துக் கூர்மையாக்குவார்கள். சபையிலிருந்து எண்பது பேர் ஒவ்வோர் அடிக்கும் ஒரே கனத்தில் தட்டினால் ‘தகிட’வும் ‘தக’வும் கரைந்து அணிவகுப்பு நடையாகிவிடும். ஆடுபவர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கிற இடத்திலும் கூட்டம் பழைய வேகத்திலேயே இழுத்துக்கொண்டு போகும். கலைஞர்கள் சிரித்துக்கொண்டே சமாளிப்பார்கள், ஆனால் அன்றைய ஆட்டம் அங்கேயே சிறுத்துவிடும்.

பாராட்டுக்கு ஹலேயோ இருக்கிறது. நம் ‘பலே’, ‘சபாஷ்’ மாதிரி. கச்சேரியில் ஒரு பிடி வந்து விழுந்ததும் வாயில் தானாக வருமே, அதே இடத்தில் ‘ஓலே’ என்று சொல்லுங்கள்: பாடகர் ஒரு வரியைச் சுற்றிக்கொண்டு வந்து முடித்த உடனே, பேசுகிற குரலில், ஒரே தடவை. அழுத்தம் ‘ஓ’ மேல். கால்பந்து மைதானத்தில் கூட்டம் இழுக்கிற ஓலே அல்ல. எப்போது சொல்வதென்று சந்தேகமாக இருந்தால் மேடையில் உட்கார்ந்திருக்கிற மற்றவர்கள் எப்போது சொல்கிறார்கள் என்று முதல் இரண்டு பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருங்கள்.

கடைசியில் எல்லோரும் எழுந்து அரைவட்டமாக நிற்பார்கள். அதற்கு ஃபின் தே ஃபியெஸ்தா என்று பெயர். புலெரியாஸ் தாளத்தில் ஆளுக்கு அரை நிமிடம் ஆடுவார்கள், பாடகரும் ஆடுவார், கிதார்காரரும் ஆடக்கூடும். சிரிப்பும் கேலியும் இங்கேதான். படம் எடுக்கப் பல இடங்களில் இந்தக் கடைசி நிமிடங்களில் மட்டும் அனுமதி. அதற்கு முன் ஃபோன் திரையின் வெளிச்சமே இருட்டில் ஆடுபவர் கண்ணைக் குத்தும், ஃபிளாஷ் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சாப்பாட்டை எட்டரை ஒன்பதுக்கு மேல் வைத்துக்கொண்டால் ஊரோடு ஒத்துப்போகும், ஆகவே ஏழு மணிக் காட்சி வசதி. சைவம் சாப்பிடுகிறவர்கள் செவீயாவில் எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ் கேளுங்கள், கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டது. சல்மொரேஹோ என்ற தக்காளிக் குழம்பு குளிர்ச்சியாக வரும், அதன்மேல் பன்றி இறைச்சித் துணுக்குத் தூவியிருப்பார்கள், ‘சின் ஹமோன்’ (பன்றி இறைச்சி வேண்டாம்) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாக்ரோமோந்தே குகைக்குப் போகிறவர்கள் தட்டையான ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கூழாங்கல் பதித்த ஏற்றம், இரவில் வழுக்கும். பிளாசா நுயேவாவிலிருந்து சிறிய பஸ் மேலே போகும், சில குகைகள் ஹோட்டலிலிருந்து கூட்டிப்போக வண்டியும் அனுப்பும். திரும்பும்போது பஸ் ஓடுமா என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றரைக்குக் காட்சி முடிந்து வெளியே வந்தால் எதிரே அல்ஹம்ப்ரா கோட்டை விளக்கொளியில் தெரியும், டாக்சி தெரியாது.